பூனாச்சி: ஒரு ஆடு பார்த்த மனிதர்கள், கூடவே ஒரு குதிரையும் இரண்டு காளைகளும்

வாங்கலாமா வேண்டாமா என்று மட்டும் தெரிந்தால் போதும் என்பவர்களுக்கு: வாங்கலாம். பெருமாள்முருகன் எழுதிய 'பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை', காலச்சுவடு வெளியீடு, முதலில் வந்தது 2016-ல். சின்னப் புத்தகம்தான், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு எடுத்தால் விளக்கு வைக்கிற நேரத்துக்குள் முடிந்துவிடும், வேலூர் வெயிலில் வேறு எங்கே போகப்போகிறோம். ஆன்லைனில் வாங்கினேன், மூலை மடங்கித்தான் வந்தது, அது ஆட்டின் குற்றம் இல்லை.

இப்போது விரிவாகக் கேட்கிறவர்களுக்கு. விலங்கின் கண்ணால் மனுஷனைப் பார்க்கிற கதைகள் என்றால் எனக்கு ஒரு சபலம் உண்டு, பூனாச்சியைப் படித்த கையோடு அந்த வகையில் பழசு சிலதையும் எடுத்து மறுபடி படித்துப் பார்த்தேன், அதனால் இது ஒரு புத்தகத்துக்கான விமர்சனமாகத் தொடங்கி நாலைந்துக்குப் போகும். இந்தக் கதைகளில் நிறைய ஏமாற்று வேலை நடக்கும். ஆடு, குதிரை, பூனை என்று பெயர் போட்டுவிட்டு உள்ளே ஒரு தமிழ் வாத்தியாரை உட்கார வைத்திருப்பார்கள். அது உலகத்தைப் பற்றி நமக்குப் பாடம் எடுக்கும். அந்த விலங்குக்குத் தெரிய வழியே இல்லாத சங்கதி எல்லாம் அதற்குத் தெரிந்திருக்கும். நான் பார்ப்பது ஒன்றைத்தான்: கை தெரிகிற இடத்தில் மனசும் தெரிவதாக எழுத்தாளர் ஏமாற்றுகிறாரா, இல்லை கையோடு நிறுத்திக்கொள்கிறாரா என்று.

கை என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை வேலூர்ப் பக்கத்துப் பொய்கை ஊர் மாட்டுச் சந்தைக்குப் போயிருக்கிறீர்களா? மாட்டை விற்கிறவரும் தரகரும் எதிரெதிரே நிற்பார்கள், தோளில் கிடந்த துண்டு இரண்டு கைகளின் மேலும் விழும், அதற்குள்ளே விரலைப் பிடித்து, அமுக்கி, விட்டு, மறுபடி பிடித்து விலை பேசுவார்கள். வாய் வேறு எதையோ பேசிக்கொண்டிருக்கும், பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒரு ரூபாய் கூடத் தெரியாது. மாடு இதையெல்லாம் ஒரு கை தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறது. அதற்கு முன்னால் யாரோ வந்து வாயைப் பிளந்து பல் பார்த்தார்கள், இரண்டு பல்லா நாலு பல்லா என்று, முதுகில் சுழி தேடினார்கள், வாலைத் தூக்கினார்கள். அப்புறம் இரண்டு பேர் துண்டுக்குள் கையைக் கோத்துக்கொண்டார்கள். அப்புறம் கயிறு வேறு கைக்குப் போனது. மாட்டுக்குத் தெரிந்தது இவ்வளவுதான், விலை தெரியாது, மகளுக்குக் கல்யாணம் வைத்திருப்பதும் தெரியாது. இந்த அளவோடு நின்று எழுதினால் கதை பயங்கரமாக இருக்கும். பூனாச்சியின் பாதிப் புத்தகம் அப்படி இருக்கிறது, அதனால்தான் முதலிலேயே வாங்கலாம் என்றேன்.

கதை இதுதான். மழையை நம்பிய மேட்டுக்காட்டில் ஒரு கிழவனும் கிழவியும். ராட்சசன் மாதிரி ஒரு ஆள் எங்கிருந்தோ வந்து, ஒரே ஈற்றில் பிறந்த ஏழில் ஒன்று என்று சொல்லி, கையளவு கூட இல்லாத ஒரு கறுப்புக் குட்டியைக் கிழவனிடம் கொடுத்துவிட்டுப் போகிறான். அது பிழைக்குமா என்பதே சந்தேகம். கிழவி அதற்குப் பூனாச்சி என்று பெயர் வைத்து வளர்க்கிறாள். அது வளர்ந்து, அலைந்து, சினையாகி, குட்டி போட்டு, பஞ்சம் வந்து, மீதியைச் சொல்லமாட்டேன். ஆடே வாய் திறந்து சொல்கிற கதை இல்லை, எழுத்தாளர்தான் சொல்கிறார், ஆனால் பெரும்பாலும் ஆட்டின் உயரத்திலேயே குனிந்து நடக்கிறார்.

அணைக்கட்டு என்கிற ஊர்ப் பக்கம் என் பெரியம்மா ஒருவர் இருக்கிறார், மல்லாட்டைக் (நிலக்கடலைதான்) கொல்லையும் சில ஆடுகளும்தான் சொத்து. அவருக்குச் சில பக்கங்களை வாசித்துக் காட்டினேன். ஏழு குட்டி என்றதுமே நிறுத்தச் சொல்லிவிட்டார்.

"ஏன்டா, ஆட்டுக்கு இருக்கறது ரெண்டு காம்பு. மூணு போட்டாலே ஒண்ணு ஏமாந்து நிக்கும். ஏழு போட்டா அது இன்னாடா பண்ணும்?"

"கதை பெரியம்மா."

"கதைன்னா காம்பு கூடிடுமா?"

இந்தப் புத்தகத்துக்கு வந்த விமர்சனங்களிலேயே இதுதான் பெரிய விமர்சனம் என்று நினைத்துக்கொண்டு மேலே படித்தேன். ஆனால் தாய் இல்லாத அந்தக் குட்டியை வேறொரு ஆட்டின் மடியில் ஊட்ட விடப் பார்க்கிற இடம் வந்ததும் பெரியம்மா பேச்சை விட்டுவிட்டார். பால் ஆடு குட்டியை முகர்ந்து பார்க்கும், தன்னுடையது இல்லை என்று தெரிந்த நொடியில் உதைக்கும், முட்டும். கிழவி படுகிற பாட்டைக் கேட்டுவிட்டு, "காலக் கட்டிட்டு தலைய ஒருத்தர் புடிச்சிக்கணும், அந்தக் கெழவிக்கு ஆள் இல்ல போல" என்று மட்டும் சொன்னார். ஏழு குட்டியை நம்பாதவர் கிழவியை நம்பிவிட்டார். பெருமாள்முருகன் வென்ற இடம் அது. ஆட்டுப் புழுக்கை, மடி கட்டுவது, தழைக்கு எட்டி நிற்பது, கிடாக்குட்டிக்கு விதை நசுக்குவது, எதிலும் படித்துத் தெரிந்துகொண்ட வாசனை இல்லை, கூடவே வளர்ந்தவன் எழுதியது.

நிறையப் பேர் இந்த நாவலைப் பற்றிப் பேசினால் உடனே அரசியலுக்குப் போவார்கள். அதற்கும் காரணம் உண்டு. 'மாதொருபாகன்' நாவலுக்கு வந்த எதிர்ப்பால் 2015 ஜனவரியில் இனி எழுதப்போவதில்லை என்று அறிவித்தவர், 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகு திரும்பி வந்து கொடுத்த நாவல் இது. முன்னுரையிலேயே அந்தக் குத்தல் இருக்கிறது: மனிதர்களைப் பற்றி எழுதப் பயம், தெய்வங்களைப் பற்றி எழுத அதைவிடப் பயம், விலங்குகளிலும் மாட்டையும் பன்றியையும் தொடவே கூடாது, கடைசியில் வம்பில்லாதது வெள்ளாடுதான் என்கிற மாதிரி ஒரு கணக்குப் போட்டு ஆட்டிடம் வந்து சேர்கிறார். சிரித்துக்கொண்டேதான் படித்தேன், சிரிப்பு நிலைக்கவில்லை.

நாவலுக்குள் காது குத்தும் இடம் ஒன்று வரும். ஆடு வைத்திருக்கிற எல்லாரும் அரசாங்கத்திடம் கொண்டுபோய்க் காட்டிக் காது குத்திக்கொண்டு வர வேண்டும், குட்டி எங்கிருந்து வந்தது என்று சொல்ல வழியில்லாமல் கிழவி நடுங்குகிறாள், வரிசையில் நிற்கிறவர்கள் தங்களுக்குள் முணுமுணுத்துக்கொண்டு ஆபீசர் பக்கம் திரும்பும்போது மட்டும் பல்லைக் காட்டுகிறார்கள். நம்மூர்க்காரர்களுக்கு இதில் கற்பனை எது என்று கண்டுபிடிப்பதே கஷ்டம். நம் மாடுகளின் காதில் 12 இலக்க எண்ணோடு மஞ்சள் வில்லை தொங்குகிறது. 2011-ல் விலையில்லா ஆடு திட்டம் வந்து குடும்பத்துக்கு 4 ஆடு கொடுத்தார்கள், அதற்கும் காதில் வில்லை, அதற்கும் வரிசை. ஆடு செத்தால் இன்ஷூரன்ஸ் கேட்கப் போகிறவரிடம் முதலில் கேட்பது ஆட்டை இல்லை, வில்லையைத்தான். எனக்கு அந்த இடத்தில் பிடித்தது வேறு விஷயம். குட்டிக்கு அரசாங்கம் என்றால் என்ன என்று தெரியாது. அதற்குக் காது வலிக்கிறது, அவ்வளவுதான். எழுத்தாளர் அந்த வலியிலேயே இன்னும் இரண்டு பக்கம் இருந்திருக்கலாம். வரிசையில் நிற்கிற மனிதர்களின் பேச்சுக்குத் தாவிவிடுகிறார், அங்கே ஆட்டின் கண் மூடிவிடுகிறது, கார்ட்டூன் தொடங்கிவிடுகிறது. நல்ல கார்ட்டூன்தான், இருந்தாலும்.

இன்னொரு குறை, பூவன் என்கிற கிடாவோடு வருகிற காதல். கிழவி தன் மகள் ஊருக்குப் போன இடத்தில் நடப்பது. ஆட்டுக்கு இணை தேடும் வேகம் உண்டு, அது அடங்கினதும் தழை மேயப் போய்விடும். இங்கே பூனாச்சி பிரிவில் வாடுகிறாள், நினைத்து நினைத்து ஏங்குகிறாள், தொண்ணூறுகளில் வந்த சினிமா பாட்டை மட்டும்தான் காணோம். படிக்க உருக்கமாக இருக்கிறது என்று என் மகள் சண்டைக்கு வந்தாள், அவள் படித்தது என். கல்யாண ராமன் மொழிபெயர்ப்பில் 2018-ல் வந்த ஆங்கிலப் பதிப்பு, அதில் அந்தப் பகுதி இன்னும் நன்றாக வந்திருக்கிறதோ என்னவோ. தமிழில் எனக்கு அது ஒட்டவில்லை.

ஆனால் இந்தக் குறை எல்லாவற்றையும் ஈடு கட்டுவது கிழவி. இந்த வகைக் கதைகளில் மனுஷன் பெரும்பாலும் இரண்டே விதம்: அடிப்பவன் ஒருவன், தடவிக்கொடுப்பவன் ஒருவன். கிழவி இரண்டும் இல்லை. அவளுக்குப் பூனாச்சி மேல் உயிர். பக்கத்தில் போட்டுக்கொண்டு தூங்குகிறாள், தன் வாய்க்கு வைத்ததைக் கொடுக்கிறாள். அதே கிழவி குட்டிகளை விற்றுக் காசை முடிந்து இடுப்பில் செருகுகிறாள். அவள் கெட்டவள் இல்லை. மழை பெய்கிற வருஷத்தில் ஏழு குட்டி என்றால் ஊரே கூடிப் பார்க்கிற அதிசயம், மழை பொய்த்தால் அதே ஏழு வாயும் பாரம். பாசம் ஒரு பக்கம் கணக்கு ஒரு பக்கம் என்று அவளிடம் பிரிந்து கிடக்கவில்லை, தடவுகிற கையும் விற்கிற கையும் ஒன்றுதான், பூனாச்சிக்கு அந்தக் கையின் மணம் மட்டும்தான் தெரியும். வெள்ளிக்கிழமை ஒடுகத்தூர் ஆட்டுச் சந்தையில் விடிவதற்கு முன்னால் போய் நின்றால் இந்தக் கிழவியைப் பார்க்கலாம். வாங்க வந்தவன் ஆட்டின் இடுப்பில் கை கொடுத்துத் தூக்கி, இறக்கி, இத்தனை கிலோ தேறும் என்பான். விற்கிறவள் காசை எண்ணி வாங்கிக்கொண்டு, கடைசியாக ஒரு கொத்துத் தழையை அதன் வாயில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறுவாள். பக்ரீத்துக்கு முந்தின வாரங்களில் கூட்டம் தாங்காது, அப்போது தழைக்கெல்லாம் நேரம் இருக்காது.

சரி, குதிரைக்கு வருகிறேன். டால்ஸ்டாய் எழுதி 1886-ல் வெளியான 'ஹோல்ஸ்டோமர்' என்கிற கதை. காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டதால் ஆங்கிலத்தில் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, நீளமான சிறுகதை அளவுதான். காயடிக்கப்பட்ட கிழட்டுக் குதிரை ஒன்று, மேலே திட்டுத் திட்டாக நிறம், அந்த நிறத்தாலேயே மதிப்பில்லாமல் போனது, ஓட்டத்தில் மட்டும் அதை அடிக்க ஆள் இல்லை. இரவில் மற்றக் குதிரைகளுக்குத் தன் கதையைச் சொல்கிறது. நான் முதலில் சொன்ன சோதனைப்படி இது தோற்க வேண்டிய கதை, ஏனென்றால் இந்தக் குதிரை நன்றாகவே பிரசங்கம் செய்கிறது. ஆனால் அது பேசுவது தனக்குப் புரியாத ஒன்றைப் பற்றி. மனிதர்கள் 'என்னுடையது' என்கிறார்கள், அது என்ன என்று கேட்கிறது. என் நிலம் என்கிறவன் அந்த நிலத்தில் கால் வைத்ததே இல்லை, என் குதிரை என்கிறவன் ஏறுவதில்லை, தீனி போடுகிறவன் வேறு, வைத்தியம் பார்க்கிறவன் வேறு. இதைப் படித்துவிட்டுப் பட்டா சிட்டா விவகாரத்துக்காக தாலுகா ஆபீஸ் போனால் குதிரை சொன்னது நன்றாகவே விளங்கும்.

கடைசிப் பகுதியை நம் வேலூர்ப் பக்கத்துக்காரர்கள் வேறு மாதிரிப் படிப்பார்கள் என்று நினைக்கிறேன். குதிரை சாகிறது. தோலை உரித்து எடுத்துக்கொள்கிறார்கள், இறைச்சி ஓநாய்க் குட்டிகளுக்குப் போகிறது, மிஞ்சின எலும்பையும் ஒரு குடியானவன் கொண்டுபோகிறான். அதை ஒரு காலத்தில் வைத்திருந்த சீமான் செத்தபோது அவன் தோலும் சதையும் எலும்பும் ஒருத்தருக்கும் உதவவில்லை என்று எழுதி முடிக்கிறார். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, வாணியம்பாடி என்று தோலில் வாழ்கிற ஊர்கள் நம்முடையவை. உப்புப் போட்டு அடுக்கின பச்சைத் தோலின் நாற்றம் நமக்குச் சின்ன வயசிலிருந்தே தெரியும், ஆவாரம்பட்டை ஊறவைத்துப் பதம் போட்ட காலத்தைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். பாலாற்றில் தோல் கழிவு கலந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் 1996-ல் தீர்ப்பு வந்தது வரை எல்லாமே அந்தத் தோலின் கதைதான். வேறு ஊர்க்காரன் அந்தக் கடைசிப் பத்தியைத் தத்துவமாகப் படிப்பான். ஆம்பூரில் ஷூ வாங்கிப் போட்டுக்கொண்டு படிக்கிறவனுக்கு அது தத்துவமாக மட்டும் நிற்காது. பூனாச்சிக்கு மேலே ஒரு படி வைக்கச் சொன்னால் இந்தக் கதையை வைப்பேன்.

பிரேம்சந்தின் இரண்டு காளைகளின் கதை, 1931. ஹீரா, மோத்தி என்று இரண்டு உழவு மாடுகள், ஒரே தொட்டியில் தின்று ஒரே நுகத்தில் இழுத்துப் பழகியவை. முதலாளி அவற்றை மச்சான் வீட்டுக்கு அனுப்ப, நம்மை விற்றுவிட்டான் என்று நினைத்துக்கொண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவருகின்றன, மறுபடி அனுப்ப, மறுபடி ஓட்டம், நடுவில் அலைகிற மாடுகளைப் பிடித்து அடைக்கிற பவுண்டில் அடைபட்டுப் பட்டினி. ஒன்று நிதானம், ஒன்று முன்கோபம். சுதந்திரப் போராட்டக் காலத்துக் கதை என்பது மாடுகள் பேசிக்கொள்வதிலேயே தெரியும், ஆக உள்ளே இருப்பது மனுஷங்கதான். ஆனால் மச்சான் வீட்டுச் சின்னப் பெண் ஒருத்தி ராத்திரியில் யாருக்கும் தெரியாமல் ஆளுக்கு ஒரு ரொட்டி கொண்டுவந்து ஊட்டுகிற இடம் இருக்கிறதே, அது போதும். ஒரு ரொட்டியால் மாட்டுக்கு வயிறு நிறையாது. பெண்ணுக்குச் சித்தி கொடுமை என்பதை பிரேம்சந்த் நமக்குச் சொல்கிறார், ஆனால் மாட்டுக்கு எட்டுவது இருட்டில் நீளுகிற அந்தக் கை. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம்.

இதைப் படித்தபோது நம்ம பக்கத்து மாடு விடும் விழா ஞாபகம் வராமல் இருக்காது. தை பிறந்தால் ஊர் ஊராகத் தொடங்கிவிடும். மதுரைப் பக்கத்துக்காரர்கள் ஜல்லிக்கட்டு என்று நினைத்துக்கொண்டு வருவார்கள், இங்கே யாரும் திமிலைப் பிடித்துத் தொங்குவதில்லை, தெருவில் இரண்டு பக்கமும் தடுப்புக் கட்டி, குறித்த தூரத்தைக் காளை எத்தனை விநாடியில் கடக்கிறது என்பதுதான் போட்டி. ஜெயித்த காளைக்குப் பெயர் உண்டு, பிளெக்ஸ் உண்டு, ரசிகர் மன்றம் வரை உண்டு. வருஷம் முழுக்கப் பருத்திக்கொட்டையும் கொள்ளும் வைத்து, நீச்சல் விட்டு, பிள்ளையைவிடச் செல்லமாக வளர்க்கிறார்கள். ஒரு நாள் காலையில் அதே ஆட்கள் பின்னால் நின்று கத்துகிறார்கள், இரண்டு பக்கமும் ஆயிரம் கை நீண்டு முதுகில் அறைகிறது. அந்தக் காளை என்னவென்று நினைக்கும்? ஊசூர்ப் பக்கமோ கே.வி.குப்பம் பக்கமோ யாராவது எழுதிக்கொண்டிருந்தால் சொல்லுங்கள், முதல் பிரதி நான் வாங்குகிறேன். தயவுசெய்து காளைக்குத் தமிழர் வீரம் பற்றி வசனம் வைக்காதீர்கள்.

'பிளாக் பியூட்டி' பற்றிச் சுருக்கமாக. அன்னா ஸ்யூவெல் 1877-ல் எழுதியது, வந்த சில மாதங்களில் அவர் இறந்துவிட்டார். குதிரையே சொல்கிற கதை. தலையை எப்போதும் நிமிர்ந்தே இருக்க வைக்கிற ஒரு கடிவாளத்தைப் பணக்காரர்கள் அந்தஸ்துக்காகப் பூட்டினார்கள், மேடு ஏறும்போது குதிரையால் கழுத்தைத் தாழ்த்தி இழுக்க முடியாது, அந்த வலியைப் பக்கம் பக்கமாக எழுதி, அந்தக் கடிவாளத்துக்கு எதிராகப் பெரிய பேச்சையே கிளப்பிய புத்தகம். ஜட்கா வண்டி ஓடிய காலத்து வேலூரைப் பார்த்த தாத்தா பாட்டி வீட்டில் இருந்தால் பேரப்பிள்ளையோடு சேர்ந்து படிக்கலாம். குதிரை கொஞ்சம் அதிகமாகவே நல்ல பிள்ளை, அதுதான் அலுப்பு. நட்சுமே சோசெகியின் ஜப்பானியப் பூனை நாவல் இன்னொரு பக்கம், 1905-06-ல் தொடராக வந்தது, பெயரே இல்லாத பூனை ஒன்று வாத்தியார் வீட்டில் உட்கார்ந்துகொண்டு வருகிறவர் போகிறவர்களை எல்லாம் கிண்டல் அடிக்கும். ஆரம்பம் அபாரம். போகப் போகப் பூனையை மறந்துவிட்டு வாத்தியாரின் நண்பர்கள் பேசுகிறார்கள், பேசுகிறார்கள், பேசிக்கொண்டே இருக்கிறார்கள். பாதியில் மூடி வைத்தால் தப்பில்லை.

யாருக்கு எது என்றால்: ஆடு மாடு வைத்திருக்கிற வீட்டுக்குப் பூனாச்சி, படிக்கத் தெரியாத பெரியவர்கள் இருந்தால் வாசித்துக் காட்டுங்கள், எழுத்தாளரைவிட அவர்கள் அதிகம் சொல்வார்கள். பத்து வயசுப் பிள்ளைக்குப் பூனாச்சி வேண்டாம், இணை சேர்வதும் அறுப்பதும் மறைக்காமல் வருகிறது, பிரேம்சந்தில் தொடங்கட்டும். டால்ஸ்டாய் நாற்பது தாண்டியவர்களுக்கு. பூனாச்சிக்கு ஐந்துக்கு நாலு நட்சத்திரம், பூவனுக்காக ஒன்று கழித்தது. என் பிரதி இப்போது பெரியம்மா வீட்டில் இருக்கிறது, பக்கத்து வீட்டுப் பெண் மீதியை வாசித்துக் காட்டிக்கொண்டிருக்கிறாள், ஏழு குட்டி விவகாரத்தில் மட்டும் இன்னும் சமாதானம் ஆகவில்லையாம்.